அப்பா பேரில் தினமும் ஒரு நன்மை: நிறுத்தினால் தப்பா?

கேள்வி:

எனக்கு 41 வயது. நாகர்கோவிலில் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலை. அப்பா குலசேகரத்தில் ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி. எட்டு மாதத்துக்கு முன்னால் விடியற்காலை தோட்டத்துக்குப் போனவர், மரத்தடியிலேயே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. முந்தின நாள் இரவு எட்டரை மணிக்கு எனக்கு போன் செய்திருக்கிறார். கடையில் தீபாவளிக் கூட்டம், எடுக்கவில்லை. வீட்டுக்குப் போய்க் கூப்பிடலாம் என்று நினைத்து, மறந்து தூங்கிவிட்டேன்.

அடியந்திரம் (கருமாதிச் சடங்கு) முடிந்த அன்று ஒரு முடிவு எடுத்தேன். ஒரு வருடம், ஒரு நாள் விடாமல், அப்பா பேரில் யாருக்காவது ஒரு நன்மை செய்ய வேண்டும். நோட்டில் தேதி போட்டு எழுதி வருகிறேன். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரண்டு. வடசேரி பஸ் ஸ்டாண்டில் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கிக் கொடுப்பேன். பஸ்ஸில் யாருக்காவது டிக்கெட் எடுப்பேன். மூன்று மாதத்துக்குள் இரண்டாவது தடவை ரத்தம் கொடுக்கப் போய், திருப்பி அனுப்பிவிட்டார்கள். போன மாதம் ஒரு பாட்டியிடம் பொட்டலத்தை நீட்டினேன். "நான் பிச்சைக்காரி இல்ல மக்களே, பேரனுக்காக நிக்கேன்" என்று சொல்லிவிட்டார். அன்று இரவு முழுக்க அழுதேன்.

சம்பளம் பற்றவில்லை, கணவர் வருத்தப்படுகிறார். தம்பி குலசேகரத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். ஆண்டு நினைவுக்குப் பெரிய அன்னதானமும் ஃப்ளெக்ஸும் வைக்கப்போகிறானாம், என் நோட்டைப் பைத்தியம் என்கிறான். அப்பா அப்படி ஆடம்பரம் செய்கிறவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அயல்வீட்டுப் பெண்கள் கொண்டுவரும் கத்தி, அரிவாள் எல்லாவற்றையும் உட்கார்ந்து தீட்டிக் கொடுப்பார், காசு வாங்க மாட்டார். அந்தக் கல் இன்னும் துணி துவைக்கிற அலக்குக்கல் பக்கத்தில்தான் கிடக்கிறது. எனக்கு இப்போது மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, பிறகு தூக்கம் இல்லை. நான் நிறுத்தினால் அப்பாவுக்குத் துரோகமா? ஆடி அமாவாசைக்குப் பலியிட்டால், அதாவது பிண்டம் வைத்தால் மட்டும் போதுமா? கண்தானத்துக்கு எழுதிக் கொடுக்கலாமா?

வாசகி, கோட்டாறு

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நிறுத்தலாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படிக்கிற நேரத்திலும் இன்றைக்கு யாருக்கு என்ன செய்வது என்ற யோசனை உங்கள் மனதில் ஓடிக்கொண்டிருக்கும். இன்றைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். நாளைக்கு இரண்டாகவும் செய்ய வேண்டாம்.

உங்கள் கடிதத்தை இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். முழுக் கடிதம் நாலு பக்கம். அதில் போன் வந்த விஷயம் மூன்றே வரி. மிச்சம் முழுக்க நோட்டும் நன்மைகளும் பாட்டியும். இருபது வருடமாகத் துக்கத்தில் இருப்பவர்களோடு உட்கார்ந்து பேசுகிற வேலை எனக்கு. யாராவது ஒரு விஷயத்தை மூன்று வரியில் சொல்லிவிட்டு வேகமாகக் கடந்துபோனால், நான் அங்கேதான் நிற்பேன். உங்கள் நோட்டு அடியந்திரத்தன்று தொடங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ அது அந்த எட்டரை மணிக்கே தொடங்கிவிட்டது என்று தோன்றுகிறது.

அதனால் முதலில் போனைப் பற்றிப் பேசுவோம்.

அப்பா வாரத்தில் இரண்டு மூன்று தடவை கூப்பிடுவார் என்று இன்னொரு பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். எத்தனையோ தடவை நீங்கள் கடையில் இருந்திருப்பீர்கள், எடுத்திருக்க மாட்டீர்கள், மறுநாள் கூப்பிட்டிருப்பீர்கள். "ஜோலியா இருந்தியோ" என்று கேட்டுவிட்டு அவர் பேச்சைத் தொடர்ந்திருப்பார். அந்த இரவு வந்த அழைப்பும் அதேமாதிரி ஒன்றாகத்தான் உங்கள் கைக்கு வந்தது. மறுநாள் நடந்தது தெரிந்த பிறகு திரும்பிப் பார்ப்பதால் அது கடைசி அழைப்பாகத் தெரிகிறது. கூட்டத்துக்கு நடுவில் பில் போட்டுக்கொண்டிருந்த பெண்ணுக்கு அது தெரிய வழியே இல்லை. தெரிந்திருந்தால் கடையை விட்டே ஓடியிருப்பாள். அவளை நீங்கள் எட்டு மாதமாகத் தண்டித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அம்மாவிடம் இதைப் பற்றி இதுவரை கேட்டீர்களா? கடிதத்தில் அம்மா ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறார், அதுவும் சாப்பிடுவது குறைந்துவிட்டது என்று. அன்று இரவு எட்டரை மணிக்கு அப்பா பக்கத்தில் இருந்தவர் அவர்தான். என்ன பேசிக்கொண்டிருந்தார்கள், எதற்காகப் போனைக் கையில் எடுத்தார், நீங்கள் எடுக்கவில்லை என்றதும் என்ன சொன்னார், நெஞ்சு வலிக்கிறது என்று ஏதாவது சொன்னாரா? கேட்கப் பயமாக இருக்கும். உங்களைக் குறை சொல்கிற பதில் வந்துவிடுமோ என்ற பயம். நான் சந்தித்தவர்களில் பலபேர் இந்த ஒரு கேள்வியை வருடக்கணக்கில் கேட்காமலே இருந்தவர்கள். கேட்டபோது பெரும்பாலும் மிகச் சாதாரணமான பதில்தான் வந்தது. மாங்காய் ஊறுகாய் கொண்டுபோகச் சொல்லணும் என்பதுபோல. பதில் எதுவானாலும் அது உங்கள் இருவருக்கும் நடுவில் வந்து உட்காரட்டும். அம்மாவும் தன் பங்குக்கு ஏதோ ஒரு மூன்று வரியை உள்ளே வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருக்கலாம்.

இனி நோட்டுக்கு வருகிறேன். "தவறினால் மறுநாள் இரண்டு." இதைப் படித்ததும் எனக்கு வட்டிக்கடைதான் நினைவுக்கு வந்தது. அப்பா உங்களுக்குக் கடன் கொடுத்துவிட்டுப் போகவில்லை. ஒரு அழைப்பை எடுக்காததற்கு முந்நூற்றறுபத்தைந்து நன்மை என்று அவர் ஒருபோதும் கணக்குப் போட்டிருக்க மாட்டார்.

நீங்கள் பால்வெட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை. உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே மரத்தில் தினமும் வெட்டுவார்களா? ஒரு நாள் விட்டு ஒரு நாள்தானே. ஒரு ஆளுக்கு முந்நூறு மரம் என்று பகுதி பிரித்து, இன்று இந்தப் பக்கம், நாளை அந்தப் பக்கம். இலை உதிர்ந்து தளிர்க்கிற மாசத்தில் மரத்துக்கு முழு ஓய்வு. வெட்டுகிற அன்றும் பட்டையை மட்டும் சீவி, உள்ளே தடியைத் தொட ஒரு மில்லிமீட்டர் இருக்கும்போதே கத்தியை நிறுத்திவிட வேண்டும். ஆழமாகப் போனால் காயம், அந்த இடத்தில் பட்டை சரியாக வளராது. ஆசைப்பட்டு அளவுக்கு மேல் வெட்டினால் கொஞ்ச நாளில் பட்டை வறண்டு, பால் பிடிக்கிற சிரட்டை காலியாகக் கிடக்கும். அப்பாவுக்கு இதெல்லாம் கைப்பழக்கம். அவர் பேரில் நீங்கள் தினமும், சில நாள் இரண்டு தடவை, தடி வரைக்கும் வெட்டிக்கொண்டிருக்கிறீர்கள். இப்போது பால் வரவில்லை என்று அழுகிறீர்கள்.

ரத்தம் கொடுக்கப் போய்த் திரும்பினீர்களே, அவர்கள் செய்தது சரி. பெண்கள் ஒருமுறை ரத்தம் கொடுத்தால் அடுத்தது நாலு மாதம் கழித்துத்தான். ஆண்களுக்கு மூன்று மாதம். உடம்பு மறுபடி ஊற வேண்டும் என்பதற்கான இடைவெளி அது. அடுத்த முறைக்கான தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள், உடம்பு நன்றாக இருந்தால் போங்கள். நீங்கள் செய்தவற்றிலேயே இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவைக்கு மேல் அதற்கு வேலை இல்லை.

அந்தப் பாட்டியைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். நீங்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அது அவருக்கும் தெரியும். "மக்களே" என்றுதானே சொன்னார். ஆனால் யோசித்துப் பாருங்கள். அன்றைக்குக் கணக்கு முடிய யாராவது ஒருவர் உங்களுக்குத் தேவைப்பட்டார். பழைய சேலை கட்டி ஓரமாக நின்றதால் அவரைத் தேர்ந்தெடுத்தீர்கள். அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால், பேரனுக்காக நிற்கிறேன், மார்த்தாண்டம் பஸ் எங்கே நிற்கும், பலகையில் எழுத்து தெரியவில்லை என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். அப்போது அவரோடு ஐந்து நிமிடம் நின்றிருந்தால் போதும், காசும் செலவில்லை.

அப்பா ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தார் என்று பாருங்கள். கத்தி மழுங்கிய வீடு எது என்று தேடிப் போகவில்லை. முற்றத்தில் கல்லோடு உட்கார்ந்தார். தேவைப்பட்டவர்கள் கத்தியை எடுத்துக்கொண்டு வந்தார்கள். தன் வெட்டுக்கத்தியைத் தீட்டுகிற கை, அந்த வேலை கைக்குத் தெரியும். கூடவே இன்னும் நாலு கத்தி. வந்தவர்கள் காசு கொடுக்கவில்லை, கூனிக் குறுகவும் இல்லை. சக்கை (பலாப்பழம்) வெட்டினால் ஒரு துண்டம் கொண்டுவந்து வைத்திருப்பார்கள். திங்கட்கிழமை அவர் தோட்டத்துக்குப் போய்விடுவார், ஒரு நோட்டிலும் எழுத மாட்டார்.

நம் மாவட்டத்தில் சில பழைய பாதை ஓரங்களில் சுமைதாங்கிக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல் நட்டு, மேலே குறுக்காக ஒரு கல். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக வீட்டார் அதை நடுவது வழக்கம். இறக்கி வைக்காமலே போய்விட்ட ஒரு பாரத்துக்காக, வழியில் போகிறவர் பாரத்தை இறக்க ஒரு இடம். கடற்கரையிலிருந்து மீன்கூடையும் மலையடிவாரத்திலிருந்து விறகுக்கட்டும் தலைச்சுமையாகவே வந்துபோன காலம். கல் தலை உயரத்துக்கு இருப்பதால், யாரையும் கூப்பிட்டு "ஒரு கை பிடியுங்க" என்று கேட்காமல் சுமையை அதில் தள்ளி வைக்கலாம், மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். பிள்ளையை இழந்த வீட்டார் தினமும் அங்கே நின்று எத்தனை பேர் இறக்கினார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்கவில்லை. கல்லை நட்டுவிட்டுத் தங்கள் வேலைக்குத் திரும்பினார்கள். அழுகை வந்த அன்று அழுதிருப்பார்கள்.

2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் வந்துபோன பிறகு, மேற்குக் கடற்கரை ஊர்களில் சில மாதம் வேலை செய்தேன். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கம். கடலுக்குப் போனவர்களில் பலர் திரும்பவே இல்லை. அடக்கம் செய்ய உடல்கூடக் கிடைக்காத வீடுகள். அங்கே ஒரு பெண், வாசலில் ஒரு மண்பானையில் தண்ணீர் வைத்து டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தார். கரையேறி வரும்போது அவர் வீட்டுக்காரருக்கு முதலில் தண்ணீர் வேண்டும், சோறு அப்புறம்தான். இப்போது கரையிலிருந்து ஏறி வருகிற யாரும் குடித்துவிட்டுப் போகலாம். "தண்ணி பிடிக்கிற அன்னைக்குப் பானையையும் நிறைப்பேன்" என்றார். குழாயில் தண்ணீர் வராத நாளில் பானை காலியாக இருக்கும். அதற்காக அவர் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

என் அம்மையும் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் ஒரு துண்டு கருப்பட்டியும் ஒரு செம்பு தண்ணீரும் கொடுத்துவிட்டுத்தான் என்ன ஏது என்று கேட்பாள். என் ஆலோசனை அறையில் ஒரு பரணி ஜாடியில் கருப்பட்டி வைத்திருக்கிறேன். அழுது முடித்தவர்களுக்கு அது கொஞ்சம் உதவுகிறது, தொண்டைக்கும். தீர்ந்துபோய் இரண்டு வாரம் வாங்க மறந்த நாட்களும் உண்டு. அம்மை ஒன்றும் சொல்லவில்லை.

சரி, உங்கள் மற்ற கேள்விகள்.

ஆடி அமாவாசை இன்னும் சில வாரத்தில் வருகிறது. குழித்துறை ஆற்றங்கரையில் அப்பா வருடாவருடம் தன் அப்பாவுக்குப் பலியிட்டுவிட்டு, வாவுபலிப் பொருட்காட்சியில் ஒரு மரக்கன்று வாங்கி வருவார் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் இந்த வருடம் தம்பி பலியிடட்டும், நீங்களும் அம்மாவும் கூடப் போங்கள், கன்றை நீங்கள் வாங்குங்கள். "இது மட்டும் போதுமா" என்று கேட்டிருக்கிறீர்கள். போதும்.

தம்பியோடு சண்டை வேண்டாம். ஃப்ளெக்ஸ் வேண்டாம் என்பதுதான் என் கருத்தும், அதை அம்மா சொன்னால் அவன் கேட்பான். ஆனால் அன்னதானத்தை விட்டுவிடுங்கள். அவனும் அப்பாவை இழந்தவன்தான். நூறு பேருக்குச் சோறு போட்டால் கொஞ்சம் மனசு அடங்கும் என்று நினைக்கிறான். உங்களுக்கு நோட்டு, அவனுக்கு அண்டா. அவனிடம் வேறு ஒன்று கேளுங்கள். வெல்டிங் பட்டறை வைத்திருப்பவனுக்கு இரும்பின் குணம் தெரியும். அப்பாவின் கல்லில் ஒரு கத்தியைத் தீட்டித் தரச் சொல்லுங்கள், முதலில் உங்கள் வீட்டுக் கத்தியை. மாதத்தில் ஒரு ஞாயிறு அவன் அந்த முற்றத்தில் உட்கார்ந்தால், அயல்வீட்டுப் பெண்கள் தானாகவே வருவார்கள். அவன் மாட்டேன் என்றால் வற்புறுத்த வேண்டாம். கல்லைக் கழுவி அலக்குக்கல் பக்கத்திலேயே வையுங்கள், யாருக்கு வேண்டுமோ அவர்கள் தீட்டிக்கொள்ளட்டும்.

கண்தானம் நல்ல முடிவு. நீங்கள் படிவத்தில் எழுதிக் கொடுப்பதைவிட முக்கியம், கணவரிடமும் பிள்ளைகளிடமும் வாய்விட்டுச் சொல்லி வைப்பது. இறந்த ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுக்க வேண்டும், அந்த நேரத்தில் சம்மதம் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான். மூளைச்சாவு அடைந்து உறுப்புதானம் செய்பவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு என்று தமிழக அரசு 2023இல் அறிவித்தது. அதன்பிறகு இதைப் பற்றி வீடுகளில் பேசுவது முன்பைவிட எளிதாகியிருக்கிறது. ஆனால் இதை நோட்டில் ஒரு நாள் கணக்காக எழுதாதீர்கள். ஆறு மாதம் கழித்தும் விருப்பம் அப்படியே இருந்தால் செய்யுங்கள்.

மூன்று மணி விழிப்பு. அப்பா நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்புகிற நேரம் அது, இல்லையா? சின்ன வயதிலிருந்து அந்தக் கதவுச் சத்தத்தில் பாதித் தூக்கத்தில் விழித்துப் பழகியிருப்பீர்கள். படுத்தபடியே புரண்டுகொண்டிருக்காமல் எழுந்து ஒரு கிளாஸ் வெந்நீர் குடித்துவிட்டுத் திண்ணையில் கொஞ்ச நேரம் உட்காருங்கள், தூக்கம் வந்தால் போய்ப் படுங்கள். எட்டு மாதம் கழித்தும் அழுவது நோய் இல்லை. ஆனால் வேலைக்குப் போக முடியாமல் ஆனாலோ, சாப்பாடு இறங்காமல் போனாலோ, அப்பா போன இடத்துக்கே போய்விடலாம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலோ, காத்திருக்க வேண்டாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. இரவு நேரமானால் 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண். இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் பேசலாம், காசு இல்லை. அம்மாவுக்கும் இதே எண்தான்.

நோட்டைக் கிழிக்க வேண்டாம், எரிக்கவும் வேண்டாம். கடைசியாக எழுதிய தேதிக்குக் கீழே ஒரு கோடு போடுங்கள். மிச்சப் பக்கங்களில் அப்பா செய்தவற்றை எழுதுங்கள். உங்களுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான் இருக்கும். கத்தி கொண்டுவந்த பெண்களிடம் கேளுங்கள், கூட வேலை செய்த பால்வெட்டுக்காரர்களிடம் கேளுங்கள். தோட்டத்தில் பாதி கட்டன் சாயாவை யாருக்கு ஊற்றிக் கொடுத்தார், யாருடைய பகுதியைச் சுகமில்லாத நாளில் சேர்த்து வெட்டினார் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களுக்கும் சொல்ல ஆசை இருக்கும், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கடைக்கு லீவு சொல்லிவிட்டுக் குலசேகரத்துக்குப் பஸ் ஏறுங்கள். உங்கள் டிக்கெட்டை மட்டும் எடுங்கள். அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு, பாத்திரம் கழுவுகிற நேரத்தில், பக்கத்தில் உட்கார்ந்து அந்த எட்டரை மணியைப் பற்றிக் கேளுங்கள். அம்மா என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.